துரையண்ணன் சீர்

ஆடி பிறந்தால் மாரக்காளுக்குப் பிறந்த வீட்டு நினைப்பு வந்துவிடும். வீடு என்று சொன்னால் சிரிப்பார்கள். சங்ககிரி மலைக்குத் தெற்கே, கல்லாங்காட்டுவளவில், ஆண்டி என்பவர் குத்தகைக்கு ஓட்டுகிற சோளக்காட்டின் மூலையில் செங்கல் மேடை ஒன்று. மேடைமேல் ஒரு பலகைக் கல். கல்லில் இருந்த எழுத்தையெல்லாம் ஆடுகள் உரசி உரசித் தேய்த்துவிட்டன. அதற்குக் கீழே படுத்திருப்பவர் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். அவர்தான் மாரக்காளுக்கு அண்ணன்.

எப்படி அண்ணன் ஆனார் என்று கேட்டால் அது பெரிய கதை. திப்பு சுல்தான் சண்டையில் கோட்டையைப் பிடிக்கப் போன வெள்ளைக்காரப் பட்டாளம், காய்ச்சலில் நடக்கமாட்டாத ஒருவனை வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அவன் வந்து விழுந்தது மாரக்காளின் முன்னோர் காட்டு வேலியோரம். ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த பெண் ஒருத்தி அன்றைக்கு அங்கே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மழை இல்லாத வருஷம். சீலை எடுக்க வழியில்லை என்று அண்ணன்மார் கையை விரித்துவிட்டார்கள். அழுகையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்க் கம்பங்கூழ் கரைத்து வந்து அவனுக்குக் கொடுத்தாள். அவன் பேச்சு அவளுக்கு விளங்கவில்லை, அவள் பேச்சு அவனுக்கு விளங்கவில்லை. சாகிறதற்கு முன்னால் தன் சிவப்புச் சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டான். புழுக்கம் தாங்காமல் கழற்றினானோ, வேறென்ன நினைத்தானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் அதைச் சீர் என்று எடுத்துக்கொண்டாள். ஆடி மாசத்தில் ஓர் ஆண்பிள்ளை துணி கொடுத்தால் அவன் கூடப் பிறந்தவன்தானே, வேறு யார்?

பட்டாளத்தார் திரும்பி வந்து மேடை கட்டிக் கல் வைத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவருடைய பெயரும் அவர்களோடு போய்விட்டது. துரையண்ணன் என்ற பெயர் இந்த வீட்டார் வைத்தது. அன்றிலிருந்து அந்தக் குடியில் பிறந்த பெண்களுக்கெல்லாம் அவர்தான் மூத்த அண்ணன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஆடிச் சீலையை முதலில் அந்தக் கல்லின்மேல் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைப்பார்கள். சுருட்டு தானாக அணைந்த பிறகுதான் சீலையை எடுத்துக் கட்டிக்கொள்வது. அத்தைமார் செய்தார்கள், அந்த அத்தைமாருக்கு அத்தைமாரும் செய்தார்கள். வீட்டு ஆண்பிள்ளைகள் வருஷம் தவறாமல் மேடைக்குச் செம்மண் பூசினார்கள்.

மாரக்காளுக்குக் கலியாணமாகித் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்த மறு வருஷம், முதல் உலகச் சண்டை முடிகிற சமயத்தில், விஷக்காய்ச்சல் ஊர் ஊராகப் புகுந்தது. அப்பன், ஆத்தா, இரண்டு அண்ணன்மார், பங்காளி வீட்டுச் சனம் என்று ஒருவர் மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போய்விட்டது. அந்தக் குடியில் காய்ச்சலுக்குத் தப்பிய ஆண்பிள்ளை துரையண்ணன் ஒருவர்தான். அவர்தான் முன்னாலேயே செத்துப்போயிருந்தாரே. ஆளில்லாத வீடு இரண்டு மழைக்கு உட்கார்ந்துவிட்டது. காடு கைமாறிப் போயிற்று. கல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

அடுத்த ஆடிக்கு ஊரில் மற்ற பெண்களெல்லாம் பிறந்த வீட்டுக்குக் கிளம்ப, மாரக்காள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் அங்கமுத்து ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டையாம்பட்டிக்குப் போய்த் தறிக்காரரிடம் சீலை ஒன்று வாங்கி வந்தான். பழைய வேட்டித் துண்டில் சுற்றி, பனை நாரால் கட்டி, அவள் முன்னால் வைத்தான்.

"இந்தா புள்ள. கொண்டுபோயி உங்கண்ணன்கிட்டக் குடுத்து வாங்கிட்டு வா."

அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மனுஷனோடு ஆயுசு முழுக்க இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாள். கால் நூற்றாண்டு இருந்தாள். பிள்ளை மட்டும் பிறக்கவில்லை.

வருஷா வருஷம் இதே கூத்து. அங்கமுத்து சீலை எடுப்பான், கட்டிக் கொடுப்பான். கூடவே ஒரு சுருட்டு. "மச்சான் வாயி நமநமன்னு இருப்பான், குடுத்துரு" என்பான். அவள் நடந்துபோய்க் கல்லின் எதிரில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்ப்பாள். அந்த முடிச்சு இருக்கிறதே, அது காளையைக் கட்டுகிற முடிச்சு. அங்கமுத்துவுக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான். கோவணம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதையே போடுவான். கையால் அவிழாது, பல்லால் கடித்து இழுக்க வேண்டும்.

"சீலை என்ன துள்ளிக்கிட்டா ஓடப்போகுது? எதுக்குங்க இப்படிக் கட்டறீங்க?" என்று வந்து சண்டை பிடிப்பாள்.

"வழியில எவனாச்சும் அவுத்துப்போட்டா? உங்கண்ணனுக்கு நா என்ன பதில் சொல்றது?" என்பான். அப்புறம், ஒன்றும் தெரியாதவன்போல, "என்ன குடுத்தான் மச்சான்?" என்று கேட்பான்.

"பச்சைச் சீலைங்க. அரக்குக் கரை."

"கஞ்சப்பய. போன வருசமும் பச்சைதான் குடுத்தான்."

எடுத்தவனே அவன். ஆனாலும் அவளுக்குக் கோபம் வரும். அண்ணனை விட்டுக்கொடுக்காமல் பேசுவாள். ஊரார் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை.

ஒரு நாளும் அங்கமுத்து அந்தக் கல்லைப் போய்ப் பார்த்தவனில்லை. கூப்பிட்டால், "அவன் என்னைப் பாக்க ஒருக்காலாச்சும் வந்தானா? மாப்பிளைக்கு ஒரு மருவாதி வேண்டாமா?" என்பான். ஆகவே அவள் தனியாகத்தான் போவாள். பாழடைந்த வீட்டு மண்மேட்டைப் பார்க்காமல் தாண்டிப் போய், கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, மனசில் இருப்பதைச் சொல்லுவாள். பிள்ளையில்லாத குறையைச் சொல்லுவாள். நாத்தனார் சொன்ன சொல்லைச் சொல்லுவாள். கல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும், எதிர்ப்பேச்சுப் பேசாது. அந்த விஷயத்தில் அது அவள் வீட்டுக்காரனுக்கு நேர் எதிர். சுருட்டு அணைந்ததும் எழுந்து வருவாள். திரும்பி வருகிற வழியில் இரண்டு மூன்று தரம் நின்று திரும்பிப் பார்ப்பாள். வாசல்வரை வந்து வழியனுப்ப ஒருத்தர் இல்லையே என்று இருக்கும்.

இரண்டாவது சண்டை வந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றார்கள். அவன் வரவில்லை, துணிக்குக் கண்ட்ரோல் வந்தது. நூல் இல்லாமல் ஆட்டையாம்பட்டியில் பாதித் தறி தூங்கியது. நல்ல குடும்பத்துப் பெண்கள்கூட இரண்டு கந்தலை ஒன்றாகத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். போன ஆடிக்கு அங்கமுத்துவால் ஒரு ரவிக்கைத் துண்டுதான் கொண்டுவர முடிந்தது. "மச்சான் பட்டாளத்துக்காரன். சண்டைக் காலம்னா என்னான்னு அவனுக்குத் தெரியாதா?" என்று சமாதானம் சொன்னான். சொல்லும்போதே இருமினான். அப்போதே அந்த இருமல் இருந்தது.

மாசியில் எச்சிலில் ரத்தம் தெரிந்தது. அவளுக்குக் காட்டாமல் மண்ணைத் தள்ளி மூடுவான்; அவளும் பார்க்காதவள்போல இருப்பாள். அப்படி இருக்கிற உடம்போடு ஒரு நாள், "ஒரு சோடி காளை பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டான். அன்றைக்கு முழுக்க ஆள் வரவில்லை. மறுநாள் வெயில் சாய்கிற நேரத்தில் கால் வீங்கி, கண் சிவந்து வந்து விழுந்தான். காளையும் இல்லை, கயிறும் இல்லை.

"ஒண்ணும் படியலை புள்ள" என்றான்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். சாகிறதுக்குன்னே போனீங்களா என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவன் சிரித்தான். அதற்கப்புறம் அவன் எழுந்து நடமாடவேயில்லை. அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கஞ்சி ஊற்றினாள், கால் பிடித்தாள், வெந்நீர் வைத்தாள். பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள். அந்த ஒரு நாள் வெயிலில் அலையாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் இருப்பானே என்ற எண்ணம் அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பங்குனியில் ஒரு விடியற்காலம், அவள் கோபம் தீர்வதற்குள் அங்கமுத்து போய்விட்டான்.

வெயில் ஏறுவதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. எல்லாம் அவன் பக்கத்துச் சனம். அவள் பக்கம் என்று சொல்ல ஒரு காக்கையும் இல்லை. ஊருக்குச் சவரம் செய்கிற கந்தன்தான் இழவு சொல்லப் போகிறவரும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எந்தெந்த ஊருக்கு யார் யாருக்கு என்று கேட்டுக்கொண்டார். கடைசியாகத் தயங்கி நின்றார்.

"அம்மிணி பொறந்த ஊட்டுப் பக்கம் ஆருக்குங்க சொல்லோணும்?"

மாரக்காள் தலையை நிமிர்த்தினாள்.

"எங்கண்ணனுக்குச் சொல்லோணும்."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். அங்கமுத்துவின் அக்கா பொன்னாயி, அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"கல்லுக்கு ஆராச்சும் எழவு சொல்லுவாங்களா? எந்தம்பி உன்றகூடச் சேந்து வெளையாடுனான், சரி. அவனே போயிட்டான். இன்னும் என்ன வெளையாட்டு?"

"அவருதானுங்க நங்கையா எனக்குக் கோடி போடோணும்."

"கோடிக்கு எங்க போவாரு உங்கண்ணன்? ஊருக்கே துணியில்ல. என்ற பொட்டியில பழைய வெள்ளைச்சீலை ஒண்ணு கெடக்குது, நா போடறேன். பொழுது இருக்கறப்பவே பொணத்த எடுத்தரோணும்."

பொன்னாயி கெட்டவள் இல்லை. அவளும் தாலியறுத்தவள்தான். அவள் புருஷன் செத்தபோது, கோடியைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தவன் இப்போது கட்டிலில் கிடக்கிற தம்பி. அதனால்தான் கோடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். புருஷன் செத்த அன்றைக்குப் பிணம் எடுக்கும் முன்னால் கூடப் பிறந்தவன் வெள்ளைச்சீலை கொண்டுவந்து போட்டால், இவளுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று பிறந்த வீடு ஊரறியச் சொல்வதாக அர்த்தம். வரவில்லை என்றால் அந்த வழி அடைபட்டுப் போயிற்று. அதற்கப்புறம் ஆடியும் கிடையாது, பொங்கலும் கிடையாது, அண்ணன் என்ற சொல்லும் கிடையாது. புருஷன் வீட்டுத் துணியை வாங்கிக் கட்டியவள் நாதியற்றவள். மாரக்காளுக்கு இனி உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தச் செங்கல் மேடை ஒன்று. அதுவும் இன்றைக்குப் போகப்போகிறது.

"கந்தா, நீ போயிச் சொல்லிப்போட்டு வா, சாமி. வராட்டிப் போகுது. சொல்லாம உட்டுட்டன்னு இருக்கக்கூடாது" என்றாள்.

கந்தன் பொன்னாயியைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். "போயிட்டு வாரனுங்க" என்று சொல்லிக் குறுக்கு வழியில் இறங்கிவிட்டார்.

கிளம்பிப் போனவர் வரவில்லை. உச்சி வெயில் தாண்டிற்று. மற்ற ஊர்ச் சனம் வந்து, கட்டிக்கொண்டு அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, விலைவாசி பேச ஆரம்பித்தார்கள். பாடை கட்டியாயிற்று. குளிப்பாட்டியாயிற்று. மாரக்காள் கால்மாட்டில் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதையும் இரண்டு பேர் கவனித்துக் காதோடு காதாகப் பேசினார்கள். அவள் என்ன செய்வாள்? கோபித்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனவனுக்காக எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொன்னாயி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மடிப்பு மஞ்சளேறிய வெள்ளைச்சீலையை எடுத்துக்கொண்டு வந்தாள். மாரக்காளின் பக்கத்தில் குந்தினாள்.

"பொழுதாவுது. அடம் புடிக்காத, கண்ணு. வாங்கிக்க."

அந்தக் குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மாரக்காள் கையை நீட்டப் போனாள்.

"வந்துட்டாங்க" என்று வாசலில் யாரோ கத்தினார்கள்.

வேலிக்கு அப்பால் கந்தன் வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் ஆண்டி, சோளக்காட்டுக் குத்தகைக்காரர், தலையில் ஒரு மூங்கில் தட்டோடு வந்தார். தட்டின்மேல் ஒரு மூட்டை.

கந்தனுக்கு மூச்சு வாங்கியது. "கல்லு முன்னால நின்னு சொன்னேனுங்க. 'சாமி, உங்க மச்சான் விடியக்காலம் போயிட்டாருங்க'ன்னு, எல்லார்த்துக்கும் சொல்றாப்பலயேதானுங்க சொன்னேன். திரும்பிப் பாத்தா இவரு மம்பட்டியோட நிக்கறாரு. 'இருங்க, கோடி வருது'ங்கறாரு. எனக்கு வெலவெலத்துப் போச்சுங்க."

ஆண்டி தட்டை இறக்கி மாரக்காளின் முன்னால் வைத்தார். பேசிப் பழகாத மனுஷர். மனப்பாடம் பண்ணி வந்ததுபோல எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"உங்க அண்ணன் குடுத்து உட்டாருங்க. பொறந்த ஊட்டுக் கோடிங்க." பிறகு குரல் இறங்கியது. "கல்லு மேல வெச்சு, சுருட்டு அணையற வரைக்கும் இருந்து எடுத்தாரோணும்னு பேச்சுங்க. காத்தில்லாததுனால அணைய நேரமாயிருச்சு. பொறுத்துக்கோணும்."

பொன்னாயி கையிலிருந்த சீலையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மாரக்காள் ஆண்டியின் முகத்தையே பார்த்தாள். யார் பேச்சு, யார் வைத்த ஏற்பாடு என்று அவள் கண் கேட்டது. ஆண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணந்தானுங்க. வேற ஆருமில்லீங்க" என்றார்.

அவள் மூட்டையைக் கையில் எடுத்தாள். வேட்டித் துண்டில் சுற்றிப் பனை நாரால் கட்டியிருந்தது. நாரின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

காளையைக் கட்டுகிற முடிச்சு.

அவளுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிற்று. மாசியில் அந்த உடம்போடு காளை பார்க்கப் போகிறேன் என்று போனது எங்கே என்று விளங்கிற்று. நூலே கிடைக்காத காலத்தில் ஆட்டையாம்பட்டியில் தறிக்காரர் காலைப் பிடித்து, தன் பெண்டாட்டி தாலியறுத்துக் கட்டுவதற்குத் தானே வெள்ளைச்சீலை வாங்கியிருக்கிறான். வருஷமெல்லாம் போகமாட்டேன் என்று வீம்பு பேசியவன், இருமிக்கொண்டே மச்சானைத் தேடிப் போய், என்ற பொண்டாட்டியப் பாத்துக்க என்று ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறான். வந்தவனைத்தான் அவள் சாகிறதுக்குன்னே போனீங்களா என்று கேட்டாள். அவன் சிரித்தான்.

"அண்ணா!" என்று ஒரு குரல் அவள் வயிற்றிலிருந்து வந்தது. வாசலில் நின்ற பெண்களெல்லாம் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "அண்ணா! அய்யோ எங்கண்ணா! உங்களை நானு ஒரு நல்ல வார்த்த சொல்லலியே!" என்று மூட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டு புரண்டாள். பிறந்த வீட்டுப் பாசம் என்று சொல்லிச் சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாடையில் கிடந்தவனைப் பார்த்து அவள் அழுகிறாள் என்பது ஆண்டி ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேலிப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

அழுகை ஓய்ந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து முடிச்சில் பல்லை வைத்தாள்.

பொன்னாயி ஓடிப்போய் அருவாளோடு வந்தாள். "பொழுது உழுகுது கண்ணு. குடு, அறுத்துப்போடறேன்."

"அறுக்காதீங்க நங்கையா" என்றாள் மாரக்காள், நாரை வாயிலிருந்து எடுக்காமலே. "இது எனக்கு அவுக்கத் தெரியும்."

பாடை தூக்க வந்தவர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காத்து நின்றார்கள். வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு நாராகக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.